முதுகில் ஸ்க்ரூ வைக்கும் ஆபரேஷன்: செய்துகொள்வதா, வேண்டாமா?

மாதக்கணக்கில் இடுப்புவலியோடு மல்லாடி, கடைசியில் "ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நிம்மதியாக நடமாடுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், அதே வலியோடு திரும்பி வருகிறவர்களும் வருகிறார்கள். எந்தக் காரணத்துக்காக ஆபரேஷன் செய்யப்பட்டது என்பதுதான் பெரும்பாலும் இந்த இரண்டு தரப்பையும் பிரிக்கிறது. கீழே உள்ள பதில்கள் அதைச் சுற்றியே வரும்.

இந்த ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

கீழ்முதுகில் 5 எலும்புகள், எல்1 முதல் எல்5 வரை. அதற்கும் கீழே எஸ்1. ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு ஜவ்வு, அதாவது டிஸ்க். பெரும்பாலும் பிரச்சினை வருவது எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய இரண்டு இடங்களில்தான். ஃப்யூஷன் என்று சொல்லும் இந்த இணைப்பு ஆபரேஷனில் கெட்டுப்போன ஜவ்வை எடுத்துவிட்டு, அங்கே ஒரு சிறு கூண்டு வைத்து, எலும்புத் துகள்களை நிரப்பி, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்க்ரூ போட்டுக் கம்பியால் பிணைப்பது வழக்கம்.

ஸ்க்ரூதான் முதுகைத் தாங்கப் போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் பலகை தாங்குவது போலத்தான் அது. நடுவில் நிரப்பிய எலும்பு வளர்ந்து, இரண்டும் ஒரே எலும்பாக மாற 6 மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எலும்பு சேரவே இல்லை என்றால் நாளடைவில் ஸ்க்ரூ தளரும், சில சமயம் உடையவும் செய்யும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு இடத்தில் அசைவை நிரந்தரமாக நிறுத்துகிறார்கள். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் வலி அந்த இடத்தின் அசைவால்தான் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "ஜவ்வு தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது" என்று போட்டிருக்கிறதே. அது ஆதாரம் இல்லையா?

அது மட்டும் போதாது. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது.

ரிப்போர்ட்டைப் படித்து அன்று இரவு தூக்கம் தொலைத்தவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதில் உள்ள சொற்கள் பயங்கரமாக ஒலிக்கும். ஆனால் 45 வயதில் தலை நரைப்பது எவ்வளவு சாதாரணமோ, எல்4-எல்5 ஜவ்வு வற்றிப்போவதும் அவ்வளவு சாதாரணம். படத்தில் இருப்பதும் உங்கள் உடம்பில் தெரிவதும் ஒத்துப்போக வேண்டும். வலது பக்க நரம்பு அழுந்துகிறது என்று படம் சொல்லி, வலி இடது காலில் இருந்தால், படத்தை நம்பி ஆபரேஷன் செய்யக் கூடாது.

அப்படியானால் யாருக்கு இது உண்மையாகவே பயன்படும்?

எலும்பு ஒன்றின் மேல் ஒன்று நிலையாக உட்காராமல் நகர்கிறது என்றால் ஃப்யூஷனுக்கு நல்ல காரணம் இருக்கிறது. முன்பக்கம் குனிந்தும் பின்பக்கம் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்-ரேயில் அந்த நகர்வு தெரியும். படுத்தபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இது மறைந்துவிடலாம் என்பதால், ஸ்க்ரூ வைக்கச் சொன்னவர் இந்த எக்ஸ்-ரேயைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எலும்பின் பின்பகுதியில் விரிசல் விழுந்து, அதனால் மேல் எலும்பு முன்னால் நழுவும் வகை ஒன்று உண்டு. இளம் வயதில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு இந்த விரிசல் வருவது பிரசித்தம். இந்த வகையில் நழுவலும் நீண்ட நாள் வலியும் உள்ள 111 பேரை ஸ்வீடனில் ஆராய்ந்து 2000இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கில் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஃப்யூஷன் செய்துகொண்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள்.

இது தவிர, விபத்தில் நொறுங்கிய எலும்பு, கட்டியோ கிருமியோ அரித்த எலும்பு, நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்கு முதுகு வளைந்துபோன நிலை ஆகியவற்றுக்கும் இது தேவைப்படலாம். நரம்பை விடுவிக்க மூட்டுப் பகுதியை நிறையச் செதுக்க வேண்டி வந்து, அதனால் அந்த இடம் ஆடிப்போகும் என்றால், அப்போதும்.

எனக்கு நழுவல் இல்லை, கால் வலி இல்லை. இடுப்பில் மட்டும் வலி, ஜவ்வு தேய்மானம் என்கிறார்கள். எனக்கு?

இங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும். இதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் மூன்று நாடுகளிலிருந்து வந்தன.

முதலில் ஸ்வீடன், 2001. 294 பேர். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 63 சதவீதம் பேர் முன்பைவிடப் பரவாயில்லை என்றார்கள், மற்றவர்களில் 29 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஃப்யூஷன் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் மற்ற தரப்புக்குக் கிடைத்தது வழக்கமான பிசியோதெரபி, அதாவது ஏற்கெனவே பலன் தராமல் போன அதே மாதிரியான சிகிச்சை.

நார்வேயில் 2003இல் வேறு மாதிரி ஒப்பிட்டார்கள். 64 பேர்தான். ஆனால் ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு முறையான பயிற்சியும், "குனிந்தால் முதுகு உடைந்துவிடாது" என்று புரியவைக்கும் பாடமும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தில் 2005இல் வெளியானது இன்னும் பெரிது: 349 பேர், 15 மருத்துவமனைகள். ஒரு தரப்புக்கு ஃப்யூஷன். மறு தரப்புக்கு வாரம் 5 நாள் வீதம் 3 வாரம், பெரும்பாலான இடங்களில் மொத்தம் 75 மணி நேரம் தீவிரப் பயிற்சி. இரண்டு ஆண்டு கழித்து, 100க்கு எவ்வளவு முடக்கம் என்று அளக்கும் அளவுகோலில் ஆபரேஷன் தரப்பு 46.5இலிருந்து 34க்கு இறங்கியது. பயிற்சித் தரப்பு 44.8இலிருந்து 36.1க்கு இறங்கியது. இறங்கிய அளவில் சுமார் 4 புள்ளி வித்தியாசம். நோயாளிக்கு உணரும்படியாக இருக்க வேண்டுமானால் பொதுவாக அதைவிட அதிகம் வேண்டும். ஆபரேஷன் தரப்பில் 19 பேருக்குச் சிக்கல்கள் வந்தன, 11 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பயிற்சித் தரப்பிலிருந்தும் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்கள் அந்த இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

தீவிரப் பயிற்சியோடு ஒப்பிட்ட நார்வே, இங்கிலாந்து ஆய்வுகளில் பங்கேற்றவர்களைச் சராசரியாக 11 ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நழுவல், முறிவு, கட்டி, கிருமித் தொற்று போன்ற தனிக் காரணம் இல்லாத இடுப்புவலிக்கு, ஆய்வின் பகுதியாக அன்றி ஃப்யூஷனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. என் நிலைப்பாடும் அதுதான். தேய்மானம் மட்டுமே காரணம் என்றால் ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள்.

எனக்கு இடுப்பைவிடக் கால் வலிதான் அதிகம். பின்தொடையிலிருந்து பாதம் வரை மின்சாரம் போல இழுக்கிறது.

அது நரம்பு வலி, சயாட்டிகா. கணக்கே வேறு. பிதுங்கிய ஜவ்வால் வரும் கால் வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணியும். தணியாதவர்களுக்கு ஆபரேஷன் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் சிறிய ஆபரேஷன். ஸ்க்ரூ தேவையில்லை. முதல் தடவை ஜவ்வு பிதுங்கியதற்கே ஸ்க்ரூ வைக்கச் சொன்னால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

வயதானவர்களுக்கு நரம்புப் பாதை சுருங்குவது இன்னொரு வகை. கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து உட்காரத் தோன்றும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் சுகமாக இருக்கும். இதற்கு நரம்புக்கு இடம் விட்டுக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். ஸ்வீடனில் 247 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், இடம் விட்டதோடு ஸ்க்ரூவும் வைத்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. விரிசலால் அல்லாமல் தேய்மானத்தால் வந்த எலும்பு நழுவலோடு கூடிய சுருக்கம் உள்ள 267 பேரை நார்வேயில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டபோதும், ஸ்க்ரூ இல்லாத ஆபரேஷன் பின்தங்கிவிடவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் என்ன?

சிறுநீர் முட்டியும் போக முடியாமல் இருப்பது, சிறுநீரோ மலமோ தெரியாமல் கசிவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு காலும் வேகமாக வலுவிழப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல், நடக்கும்போது செருப்பு கழன்று போவதும் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிதான்.

மாலையானால் காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் விடாத வலி என்றால், முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் இது அரிதல்ல. ஃப்யூஷன் என்ற ஆபரேஷனே 1911இல் நியூயார்க்கில் இந்த நோய்க்காகத்தான் முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் பெரிய ஆபரேஷனையும் நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிடுவதையும் ஒப்பிட்டு, பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும் என்று காட்டியது. அதன் பத்தாண்டுக் கணக்கு 1999இல் வெளியானது. நரம்பு பாதித்தவர்களுக்கும் எலும்பு அதிகம் சிதைந்தவர்களுக்கும் இன்றும் ஆபரேஷன் தேவைப்படும். இன்று உலகம் பின்பற்றும் சிகிச்சைக்கு நம் சென்னையில் கிடைத்த ஆதாரமும் ஒரு அடித்தளம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

"முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும்" என்கிறார்களே?

தண்டுவடம் எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்பு இழைகள்தான். எல்4-எல்5இல் செய்யும் ஆபரேஷனில் இரண்டு காலும் செயலிழப்பது மிக அபூர்வம். ஒரு நரம்பு பாதித்து ஒரு பாதம் பலவீனமாவது நடக்கக்கூடியது, அதுவும் குறைவாகவே. இந்தப் பயத்தாலேயே, உண்மையில் தேவைப்படும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு நரம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

சரி, உண்மையான ஆபத்துகள் எவை?

கிருமித் தொற்று, நரம்பைச் சுற்றிய உறை கிழிவது, ஸ்க்ரூ இடம் மாறிப் போவது, காலில் ரத்தம் உறைவது, எலும்பு சேராமல் போவது. இவையெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிவத்தில் பளிச்சென்று தெரியாத ஒன்று உண்டு. ஒரு இடத்தில் அசைவை நிறுத்தினால் அதன் பாரம் மேலேயும் கீழேயும் உள்ள ஜவ்வுகளுக்குப் போகிறது. சில ஆண்டு கழித்து அங்கே பிரச்சினை வந்து, இரண்டாவது ஆபரேஷன் வரை போகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் கீழ்முதுகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை 11 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் நடந்திருந்தது. 35 வயதில் முடிவெடுக்கிறவர் 70 வயது வரைக்குமான கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

"எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை" என்ற நிலையில்தான் இருக்கிறேன்.

இதைச் சொல்கிறவர்களிடம் என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில்: பத்து நாள் மின்சார ஒத்தடம், இடுப்பில் பெல்ட், ஊசி, வலி மாத்திரை, கொஞ்ச நாள் எண்ணெய் தடவல், நிறைய ஓய்வு. இவற்றில் உடம்பை வலுப்படுத்தியது ஒன்றுகூட இல்லை. எங்கள் துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. மெஷினை மாட்டி 20 நிமிடம் படுக்க வைப்பதைப் பிசியோதெரபி என்று சொல்லி அனுப்பும் இடங்கள் ஏராளம்.

நான் முயற்சி என்று சொல்வது குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம். தினமும் நடை, படிப்படியாகக் கூட்டும் பயிற்சி. இடுப்பு, தொடை, வயிற்றுத் தசைகளுக்கு வேலை. குனியவும் தூக்கவும் பயந்து நிறுத்தியவற்றைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவது. தூக்கத்தைச் சரிசெய்வது. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை, ஏனென்றால் கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு ஆபரேஷனின் பலனையும் கெடுக்கும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பது ஆபத்தல்ல. கால் வலுவிழந்தால், மரத்துப்போவது பரவினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்த நிலையில் இழுத்து விடுகிறேன், சொடக்கு எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் முதுகைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வலி முதுகிலிருந்துதான் வருகிறதா என்பதையும் ஒருமுறை உறுதி செய்யுங்கள். தேய்ந்த இடுப்பு மூட்டும், இடுப்பெலும்பின் பின்பக்க மூட்டும் முதுகுவலி போலவே ஏமாற்றும்.

ஆபரேஷன் என்று முடிவானால் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டியவை?

புகை. நிகோடின் எலும்பு சேர்வதைத் தடுக்கிறது. சில வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடவே கூடாது. நிகோடின் என்பதால் வாயில் மெல்லும் புகையிலைக்கும் இதே விதிதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறாது, தொற்று வரும் வாய்ப்பு கூடும். மாதவிடாய் நின்ற பெண்களும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களும் எலும்பு அடர்த்தி பார்த்துக்கொள்ள வேண்டும். மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது.

சிறு துளை வழியாக, ரோபோ வைத்துச் செய்கிறார்களாம். அது பாதுகாப்பானதா?

காயம் சிறிது, ரத்தப்போக்கு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தால் பலன் பெரும்பாலும் ஒன்றுதான். தேவையில்லாத ஃப்யூஷனை எவ்வளவு சிறிய துளை வழியாகச் செய்தாலும் அது தேவையில்லாததுதான்.

செய்துகொண்ட பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்?

மறுநாளே எழுந்து நடக்க வைப்பார்கள். சில நாளில் வீடு. முதல் 3 மாதம் வரை குனிவது, முறுக்குவது, பாரம் தூக்குவது கூடாது. குடத்தில் தண்ணீர் தூக்குவதும், பேரக்குழந்தையை வாரி எடுப்பதும் இதில் அடங்கும். நாற்காலி வேலை என்றால் ஒன்றரை மாதத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குகிறவர், வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர் என்றால் 6 மாதம் வரை வருமானம் இருக்காது என்றே திட்டமிட வேண்டும். சிலரால் பழைய வேலைக்குத் திரும்பவே முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஒரே ஒரு இடத்தில் இணைத்தால் அசைவு குறைவது அவ்வளவாகத் தெரியாது, இடுப்பு மூட்டு ஈடுகட்டிவிடும். சம்மணம் போட்டு உட்காருவதும் கீழே உட்காரும் கழிப்பறையும் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். பிறகு பெரும்பாலோருக்கு முடியும். மூன்று, நான்கு எலும்புகளை இணைத்தவர்களுக்குக் குனிந்து செருப்பு மாட்டுவதுகூடச் சிரமமாகலாம். டைட்டானியம் ஸ்க்ரூ இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

வலி சுத்தமாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்றாக அமைந்தால்கூடப் பாதிக்குப் பாதி குறைவதுதான் நடைமுறை.

செலவு?

பெரும் பகுதி ஸ்க்ரூ, கூண்டு போன்ற உபகரணங்களுக்கே போகும். எஸ்டிமேட்டில் அவற்றைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் முதுகெலும்பு, ஜவ்வுப் பிரச்சினைகளுக்கு முதல் 2 ஆண்டு காத்திருப்பு உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். காப்பீட்டில் பணம் வருகிறது என்பதற்காக மட்டும் யாரும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

சர்ஜனிடம் என்ன கேட்பது? கேட்டால் கோபப்படுவாரே?

நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். எந்த எலும்பு, என்ன காரணம், நரம்பை மட்டும் விடுவித்தால் ஏன் போதாது, இன்னும் 6 மாதம் காத்திருந்தால் என்ன கெடும், என்னைப் போன்ற நிலையில் உங்களிடம் செய்துகொண்டவர்கள் இரண்டு ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள்: இவற்றைக் கேளுங்கள். குறிப்பாக மூன்றாவது கேள்விக்குப் புரியும்படி பதில் வர வேண்டும். "ஐயா, எனக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பதற்றத்தில் பாதி காதில் விழாது.

ஏற்கெனவே தேதி வாங்கிவிட்டேன். இப்போது வேறு டாக்டரிடம் காட்டலாமா?

தாராளமாக. மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இல்லையென்றால், சில வாரம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது. தேதியைத் தள்ளிவைக்க மருத்துவமனையில் சொல்லிவிட்டு, எம்.ஆர்.ஐ. சிடியையும் ஃபிலிம்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை உங்களுடையவை. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, இரண்டாவது டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் டாக்டர் சொன்னதை உடனே சொல்லாமல், உங்கள் வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்து, காலின் வலுவையும் உணர்ச்சியையும் தொட்டுச் சோதித்து, பிறகு படத்தைப் பார்த்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அவரும் தானாகவே அதே இடத்தை, அதே காரணத்தைச் சொன்னால், பழைய தேதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.